காகிதமில்லா வகுப்பறை பசுமையானதா? ஒரு கருவியின் ஆயுள் கணக்கு

பாடநூலுக்குப் பதிலாகக் கணினியைக் கொடுத்துவிட்டால் மரங்கள் பிழைத்துக்கொள்ளும் என்கிறது ஒரு தரப்பு. மின்கருவிகள்தான் பெரிய கேடு, பழையபடி காகிதமே போதும் என்கிறது இன்னொரு தரப்பு. ஒரு பக்கம் வெட்டப்பட்ட மரத்தின் படம், மறுபக்கம் மின்குப்பை மேட்டின் படம். இரண்டு படங்களும் உண்மைதான். ஆனால் எது எவ்வளவு என்ற கணக்கு இரண்டிலும் இல்லை.

அந்தக் கணக்கை முதற்படியிலிருந்து இங்கே பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஒரு பள்ளிக்கே கருவி வாங்கும் பொறுப்பில் இருப்பவருக்கும், பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி வாங்க யோசிக்கும் பெற்றோருக்கும் இது ஒரே கணக்குதான்.

## வாங்கும் முன்பே ஆகிவிட்ட செலவு

ஓர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கியெறியும் பிளாஸ்டிக் பாட்டிலைவிட இது நல்லது என்று எல்லோரும் நம்புகிறோம். ஆனால் தாதுவைத் தோண்டி, உருக்கி, தகடாக்கி, பாட்டிலாக வடிக்க ஆகும் ஆற்றல், மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைச் செய்ய ஆவதைவிடப் பல மடங்கு அதிகம். ஒரே ஒரு முறை குடித்துவிட்டு மூலையில் போட்டுவிட்டால் எவர்சில்வர் பாட்டில்தான் மோசம். திரும்பத் திரும்ப நிரப்பிப் பல மாதம், பல வருடம் குடித்தால்தான் அது முந்துகிறது. பாட்டில் அதேதான்; எத்தனை முறை பயன்பட்டது என்பதுதான் விடையை மாற்றிவிடுகிறது.

இப்படி ஒரு பொருளின் கச்சாப்பொருளைத் தோண்டுவதில் தொடங்கி, உற்பத்தி, போக்குவரத்து, பயன்பாடு, கழிவு வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஆகும் ஆற்றலையும் வெளியேறும் மாசையும் கூட்டிப் பார்க்கும் முறைக்கு ஆயுட்சுழற்சி மதிப்பீடு என்று பெயர். 1969-இல் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தை எந்தக் கலனில் அடைத்தால் சுற்றுச்சூழலுக்குச் சுமை குறைவு என்று அமெரிக்காவின் மிட்வெஸ்ட் ஆய்வு நிறுவனத்தைக் கொண்டு ஆராய்ந்தது. இந்த முறையின் தொடக்கப் புள்ளியாக அந்த ஆய்வைத்தான் சொல்வார்கள். பிறகு 1997-இல் ஐஎஸ்ஓ 14040 என்ற பன்னாட்டுத் தரம் வந்தது. 2006-இல் அது திருத்தப்பட்டது.

இந்த மதிப்பீட்டில் நீர், தாதுக்கள், நச்சுக் கழிவு என்று பல கணக்குகள் உண்டு. புரிந்துகொள்ள எளிதாக இருக்கும் என்பதால் இங்கே புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். எல்லா வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடின் அளவாக மாற்றிக் கிலோ கணக்கில் சொல்வது வழக்கம். இனி வெறுமனே "கிலோ உமிழ்வு" என்று வந்தால் அதுதான் பொருள்.

## உமிழ்வு இரண்டு வகை

கருவி உங்கள் கைக்கு வரும் முன்பே ஆகிவிட்டதை உள்ளுறை உமிழ்வு என்கிறோம். சுரங்கம், தொழிற்சாலை, கப்பல், விமானம் எல்லாம் இதில் அடங்கும். வாங்கிய பிறகு கருவி குடிக்கும் மின்சாரத்தால் ஆவது பயன்பாட்டு உமிழ்வு.

பெரும்பாலோர் மனத்தில் இருப்பது இரண்டாவது மட்டும்தான். மின்கட்டணம் மாதாமாதம் கண்ணில் படுகிறது. தொழிற்சாலையின் புகை வேறெங்கோ, என்றோ போய்விட்டது. "குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய மாடல்" என்ற விளம்பரம் அதனால்தான் இவ்வளவு எளிதாக எடுபடுகிறது.

மடிக்கணினி, டேப்லெட், கைபேசி ஆகிய மூன்றிலும் நிலைமை நேரெதிர். உற்பத்தி நிறுவனங்கள் தாங்களே வெளியிடும் கார்பன் அறிக்கைகளைப் பார்த்தால், சாதாரண மடிக்கணினி ஒன்றின் முழு ஆயுளுக்கும் ஏறத்தாழ 200 முதல் 350 கிலோ உமிழ்வு என்று இருக்கும். அதில் பெரும்பங்கு உற்பத்தியில் ஆனது. டேப்லெட்டுக்கு மொத்த அளவு இதைவிட நன்றாகவே குறைவு. ஆனால் உற்பத்தியின் பங்கு அங்கும் பெரிது.

## ஒன்றரைக் கிலோ கருவிக்கு இவ்வளவு உமிழ்வா?

கையில் தூக்கிப் பார்த்தால் ஒன்றரைக் கிலோகூட இருக்காது. அதைச் செய்ய 200 கிலோ எப்படி ஆகும் என்று தோன்றலாம். எடையை வைத்து மதிப்பிட்டால் இங்கே ஏமாந்துபோவோம். உறையாக இருக்கும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் கணக்கில் சிறு பங்குதான். பெரும்பங்கு, மதர்போர்டு என்ற முதன்மை மின்சுற்றுப் பலகையில் உட்கார்ந்திருக்கும் சில்லுகளிலும் திரையிலும் இருக்கிறது.

ஒரு சில்லு பிறக்கும் விதம் இது. மணலிலிருந்து பிரித்த சிலிக்கானை மிகத் தூய்மையான படிகமாக வளர்த்து, பெரும்பாலும் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய தட்டுகளாக அறுக்கிறார்கள். அந்தத் தட்டின் மேல் ஒளியால் வடிவம் பதிப்பது, வாயுவால் அரிப்பது, அடுத்த அடுக்கைப் படியவைப்பது, கழுவுவது என்று நூற்றுக்கணக்கான படிகள் நடக்கின்றன. ஒரு தட்டு முழுதாக முடிய ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். அத்தனை நாளும் அது இருக்கும் அறையின் காற்று தூசியில்லாமல், ஒரே வெப்பத்தில், ஒரே ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் இரவு பகல் ஓய்வதில்லை. கழுவும் நீரையும் பலமுறை வடிகட்டித் தூய்மையாக்க வேண்டும். அதற்கும் மின்சாரம்தான்.

இதோடு ஃபுளோரின் கலந்த வாயுக்களும் சேர்கின்றன. அரிப்பதற்கும், இயந்திர அறைகளைச் சுத்தம் செய்வதற்கும் இவை தேவை. இவற்றில் ஒன்றான சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு, 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட 20,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது. நல்ல தொழிற்சாலைகள் இதை வெளியே விடாமல் எரித்துச் சிதைத்துவிடுகின்றன. ஆனாலும் தப்பும் சிறு பங்கே கணக்கில் பெரிதாக வந்து நிற்கும்.

இதனால்தான் அதே அளவு, அதே எடையுள்ள இரண்டு மடிக்கணினிகளில் ரேமும் சேமிப்பகமும் கூடுதலாக உள்ளதற்கு உள்ளுறை உமிழ்வும் கூடுதலாக இருக்கும். தேவைக்கு மேல் வாங்கிய நினைவகம் வாங்கிய நாளிலேயே உமிழ்வாகிவிட்டது.

## கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினியின் உள்ளுறை உமிழ்வு 200 கிலோ. ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு 6 மணி நேரம் பயன்பாடு. அதாவது 1,200 மணி நேரம். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துச் சராசரியாக 25 வாட். ஆக ஆண்டுக்கு 30 யூனிட் மின்சாரம்.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு உமிழ்வு என்பது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. முழுக்க நிலக்கரி என்றால் ஒரு கிலோவை ஒட்டி வரும்; நீர், காற்று, சூரிய மின்சாரம் என்றால் மிகச் சிறிது. கலவையாக அரைக் கிலோ என்று வைத்தால், ஆண்டுக்கு 15 கிலோ பயன்பாட்டு உமிழ்வு.

4 ஆண்டில் கருவியை ஒதுக்கிவிட்டால்: உள்ளுறை 200, பயன்பாடு 60, மொத்தம் 260. ஆண்டுக்கு 65 கிலோ.

8 ஆண்டு ஓட்டினால்: உள்ளுறை 200, பயன்பாடு 120. நடுவில் ஒரு பேட்டரி மாற்றுவதற்கு 10 கிலோ என்று தாராளமாகவே சேர்ப்போம். மொத்தம் 330. ஆண்டுக்கு ஏறத்தாழ 41 கிலோ.

இப்போது "பழையதைப் போட்டுவிட்டுப் பாதி மின்சாரத்தில் ஓடும் புதியதை வாங்கலாமே" என்ற யோசனையைச் சோதிப்போம். புதியது ஆண்டுக்கு 7.5 கிலோ மிச்சப்படுத்தும். ஆனால் அதைச் செய்யவே 200 கிலோ ஆகிவிட்டது. 200-ஐ 7.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 27 ஆண்டு. புதிய கருவி தன் பிறப்புச் செலவை மிச்சத்தால் அடைக்க எடுக்கும் இந்தக் காலத்துக்கு ஈடுகட்டும் காலம் என்று பெயர். 27 ஆண்டு ஓடும் மடிக்கணினி எங்கும் இல்லை.

முழுக்க நிலக்கரி மின்சாரமாகவே இருந்தாலும் ஈடுகட்டும் காலம் 13 ஆண்டுக்கு மேல் போகும். மின்சாரம் தூய்மையாக ஆக ஆக, பயன்பாட்டு உமிழ்வு சுருங்கி, உள்ளுறை உமிழ்வின் பங்கு இன்னும் கூடும். கூரையில் சூரியத் தகடு வைத்திருக்கும் பள்ளிக்குத்தான் கருவிகளை நெடுநாள் காப்பாற்ற வேண்டிய காரணம் அதிகம்.

இதுவரை பார்த்ததில் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கையடக்கக் கருவிகளில் உமிழ்வின் பெரும்பகுதி வாங்கும் நாளுக்குள்ளேயே ஆகிவிடுகிறது, பிறகு நம் கையில் இருப்பது அதை எத்தனை ஆண்டுகளுக்குப் பகிர்கிறோம் என்பது.

## எல்லாவற்றையும் பழையதாகவே வைத்திருக்கலாமா?

கூடாது. விதியை மனப்பாடம் செய்யாமல் கணக்கைப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

வகுப்பறையில் 60 வாட் குண்டு பல்பு இருக்கிறது. அதே வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. அதே 1,200 மணி நேரத்தில் மிச்சம் 61 யூனிட், அதாவது ஆண்டுக்கு 30 கிலோ. எல்இடி விளக்கைச் செய்ய ஆவது சில கிலோதான். சில மாதங்களில் ஈடுகட்டிவிடும். குண்டு பல்பு இன்னும் எரிகிறதே என்று விட்டுவைப்பதுதான் வீண். மின்விசிறி, குளிர்சாதனம், தண்ணீர் மோட்டார் போன்று மின்சாரத்தையே முதன்மையாகச் சாப்பிடும் சாதனங்களுக்கும் இந்தப் பக்கத்து நியாயம்தான் பெரும்பாலும் பொருந்தும்.

பழைய மேசைக் கணினி நடுவில் நிற்கிறது. திரையோடு சேர்த்து 120 வாட் குடிக்கும் பெட்டியை 20 வாட் சிறு கணினியாக மாற்றினால், 1,200 மணி நேரத்துக்கு 120 யூனிட், ஆண்டுக்கு 60 கிலோ மிச்சம். இரண்டு மூன்று ஆண்டில் ஈடுகட்டலாம். ஆனால் மாற்றும் முன் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. கணினி ஆய்வகத்தில் உறக்கநிலைக்குப் போகாமல் இரவும் விடுமுறையும் 100 வாட் இழுத்துக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டி, பாடவேளைக்கு வெளியே மட்டும் 756 யூனிட் வீணாக்குகிறது. அரைக் கிலோ கணக்கில் 378 கிலோ. நம் எடுத்துக்காட்டு மடிக்கணினி இரண்டைச் செய்ய ஆவதற்குச் சற்றே குறைவு. இதைச் சரிசெய்யப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. உறக்கநிலை அமைப்பை 15 நிமிடத்துக்கு வைத்து, மாலையில் ஒரு சுவிட்சை அணைத்தால் போதும்.

## காகிதத்தோடு ஒப்பிடும்போது நடக்கும் தவறு

ஏ4 தாள், சதுர மீட்டருக்கு 80 கிராம் ரகம், ஒன்று 5 கிராம் எடை. 500 தாள் கட்டு 2.5 கிலோ. ஆலைக்கு ஆலை மாறினாலும், ஒரு கிலோ காகிதத்துக்குத் தோராயமாக ஒரு கிலோ உமிழ்வு என்று வைக்கலாம். அப்படியானால் ஒரு மடிக்கணினியின் உள்ளுறை உமிழ்வு 40,000 தாளுக்குச் சமம், 80 கட்டு.

ஒரு மாணவரின் ஓராண்டுப் பாடநூல்கள் எல்லாம் சேர்ந்து 3 கிலோ இருக்கிறதென்று கொள்வோம். அதே புத்தகங்களை அடுத்தடுத்த ஆண்டுகளில் மூன்று மாணவர்கள் பயன்படுத்தினால் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு கிலோதான். மடிக்கணினிக்கு ஆண்டுக்கு 41 முதல் 65 கிலோ. பாடநூலைத் திரையில் காட்டுவதற்காக மட்டும் ஒரு கருவி வாங்கினால், காகிதம் மிச்சம் என்பதைச் சுற்றுச்சூழல் காரணமாகச் சொல்ல முடியாது. டேப்லெட்டாக இருந்தாலும் இந்த இடைவெளி மூடாது.

ஆனால் இந்த ஒப்பீட்டை இங்கேயே நிறுத்துவதும் நியாயமில்லை. இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது அவை செய்யும் வேலை சமமாக இருக்க வேண்டும். அந்தச் சம வேலைக்குச் செயற்பாட்டு அலகு என்று பெயர். "ஒரு கருவி, ஒரு புத்தகம்" என்பது சரியான அலகு இல்லை. "300 பக்கம் படிப்பது" ஓர் அலகு. "ஒரு மாணவர் ஓராண்டு இயற்பியல் கற்பது" இன்னோர் அலகு. முதல் அலகில் புத்தகம் எளிதாக வெல்லும். இரண்டாவதில் கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் உருவகச் சோதனைகள், நிரல் எழுதுதல், தரவை வரைபடமாக்கிப் பார்த்தல் எல்லாம் வந்தால், புத்தகத்தால் அந்த வேலையைச் செய்யவே முடியாது. பார்வையற்ற மாணவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் தருவதை அச்சுப் புத்தகத்தின் உமிழ்வோடு ஒப்பிடுவது அர்த்தமற்றது.

அதே கருவியில் பாடமும் படிக்கிறோம், வேறு பல வேலையும் செய்கிறோம் என்றால், பயன்படும் நேரத்தின் விகிதத்தில் உமிழ்வைப் பிரித்து ஒவ்வொரு வேலையின் கணக்கிலும் எழுதலாம். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கணினியில் ஒரு பாடத்தைத் திறந்து படிப்பதற்குப் புதிதாக ஆவது சில கிராம் மின்சார உமிழ்வு மட்டுமே. அதை அச்சிட்டுப் படிப்பது அங்கே பின்தங்கிவிடும்.

## இணைய வீடியோ பற்றிய பயம்

அரை மணி நேரம் இணையத்தில் படம் பார்ப்பது பல கிலோமீட்டர் கார் ஓட்டுவதற்குச் சமம் என்ற செய்தி 2019-இல் உலகெங்கும் பரவியது. இன்றும் மாணவர்களுக்குச் சொல்லப்படுகிறது. பன்னாட்டு எரிசக்தி முகமை 2020-இல் கணக்கிட்டபோது, உலகச் சராசரியாக ஒரு மணி நேர வீடியோவுக்கு ஏறத்தாழ 36 கிராம் உமிழ்வு என்று வந்தது. அதிலும் பெரும்பங்கு பார்க்கும் கருவி குடிக்கும் மின்சாரம். பாட வீடியோவின் தரத்தைக் குறைப்பது தரவுச் செலவுக்கு நல்லது. கார்பன் கணக்கில் அது அசைப்பது மிகக் கொஞ்சம். அந்தக் கவலையைக் கருவியின் ஆயுள் பக்கம் திருப்பினால் பலன் பல மடங்கு.

## கருவிகள் எப்படிச் சாகின்றன?

ஆயுளை நீட்டுவதே வழி என்றால், ஆயுள் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளிக் கருவிகளில் சில்லு தேய்ந்து சாவது அரிது. சார்ஜ் துளை, கீல், விசைப்பலகை, திரை, பேட்டரி, மென்பொருள் ஆகியவைதான் முடிவுரை எழுதுகின்றன.

சார்ஜ் துளையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கம்பியில் கால் தடுக்குகிறது. சொருகி பக்கவாட்டில் நெம்புகிறது. இது பலமுறை நடந்தால் துளையைப் பலகையோடு பிடித்திருக்கும் பற்றவைப்பு விரிசல் விடும். முதலில் "இப்படிச் சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் ஏறும்", பிறகு அதுவும் இல்லை. அந்தத் துளை மதர்போர்டின் மேலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால், நுணுக்கமாகப் பற்றவைக்கத் தெரிந்தவர் வேண்டும். இல்லையென்றால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். உள்ளுறை உமிழ்வின் கனமான பகுதியே அந்த மதர்போர்டுதான். துளை தனியான ஒரு சிறு துணைப் பலகையில் இருந்தாலோ, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, ஒரு நாடாக் கம்பியைப் பிடுங்கிச் சொருகினால் வேலை முடிந்தது. வெளியிலிருந்து பார்க்க இரண்டு கருவிகளும் ஒன்றுபோலவே இருக்கும்.

கீலும் இப்படித்தான். திரையை எப்போதும் ஒரே மூலையைப் பிடித்துத் திறந்தால் அந்தப் பக்கத்துக் கீலில் சுமை கூடும். கீலின் ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளை மரைகளில் இறங்கியிருக்கும். மரை பிய்த்துக்கொண்டு வந்தால் உறையே பிளந்துவிடும். உலோகச் சட்டத்தில் பொருத்திய கீலுக்கு இந்த நோய் குறைவு. நடுவில் பிடித்துத் திறக்க மாணவர்களைப் பழக்குவதும் உண்மையாகவே ஆயுளைக் கூட்டும்.

நிலைத்த வடிவமைப்பு என்று பேசும்போது மூங்கில் உறையும் மறுசுழற்சி அட்டைப்பெட்டியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. வாங்கும்போது கேட்க வேண்டியவை வேறு: உறையைச் சாதாரண திருப்புளியால் திறக்க முடியுமா, பசை போட்டு ஒட்டியிருக்கிறதா? பேட்டரி தனியாகக் கழலுமா? ரேமும் சேமிப்பகமும் மாற்றக்கூடியவையா, பலகையோடு பற்றவைத்தவையா? உதிரிபாகமும் பழுதுபார்க்கும் கையேடும் எத்தனை ஆண்டு கிடைக்கும்? பதில் எழுத்தில் வேண்டும். பிரான்ஸ் 2021 முதல் மடிக்கணினி, கைபேசி உள்ளிட்ட சில பொருள்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண்ணை விற்பனை இடத்திலேயே காட்டவைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் 2025 ஜூன் 20 முதல் வடிவமைப்பு விதிகள் நடப்பில் உள்ளன. பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தாங்க வேண்டும். முக்கிய உதிரிபாகங்கள் விற்பனை முடிந்து 7 ஆண்டு வரை கிடைக்க வேண்டும். வேறு நாட்டில் வாங்குபவரும் இவற்றைத் தன் ஒப்பந்தப் பட்டியலுக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்.

பல கருவிகள் வாங்கும்போது ஒரே மாடலாக வாங்குங்கள். திரை உடைந்த ஒன்றின் விசைப்பலகையும் பேட்டரியும் வேறு இரண்டைப் பிழைக்கவைக்கும். ஆறு மாடல் கலந்து வாங்கினால் இந்த வழி அடைபடும்.

## பேட்டரி: வெப்பமும் விடுமுறையும்

மேலே வந்த "சுற்று" என்பது மொத்தம் 100 விழுக்காடு சார்ஜ் செலவானதைக் குறிக்கும். இன்று 50, நாளை 50 என்றாலும் சேர்ந்து ஒரு சுற்று. லித்தியம் அயனி பேட்டரி சுற்றால் மட்டும் தேய்வதில்லை. வெப்பமும், முழு சார்ஜில் நெடுநேரம் நிற்பதும் அதைச் சும்மா இருக்கும்போதே தேய்க்கும்.

பள்ளிகளில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று, சார்ஜ் செய்யும் அலமாரி. முப்பது கருவிகளை நெருக்கி அடுக்கிப் பூட்டி, இரவு முழுக்க மின்சாரத்தில் விட்டால் உள்ளே வெப்பம் ஏறும். காலையில் எல்லாம் 100 விழுக்காட்டில் சூடாக நிற்கும். காற்றோட்டமுள்ள அலமாரி, கருவிகளுக்கிடையே விரற்கடை இடைவெளி, நேரம் வைத்து அணைக்கும் சுவிட்ச், கருவியில் வசதி இருந்தால் 80 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பு ஆகியவை போதும். இன்னொன்று, நீண்ட விடுமுறை. கடைசி நாள் பயன்படுத்தித் தீர்ந்த நிலையிலேயே வைத்துவிட்டால், மிச்சமிருப்பதும் மெல்லக் கசிந்து பேட்டரி மீட்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். 40 முதல் 60 விழுக்காடு ஏற்றி, முழுவதும் அணைத்து, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துத் தேவைக்கு ஏற்றுங்கள்.

தொடுபலகை மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாமல் நடுவில் புடைத்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அந்தக் கருவியை உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடவோ, அழுத்தி மூடவோ, குத்திப் பார்க்கவோ வேண்டாம், தீப்பிடிக்கும்.

## மென்பொருளால் வரும் முதுமை

உறுப்பெல்லாம் நன்றாக இருந்தும் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டதால் ஓரங்கட்டப்படும் கருவிகள் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத பல கணினிகள் அந்த நாளில் ஒரே அடியில் பழையவை ஆயின. அவற்றில் நல்ல நிலையில் உள்ளவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி இணையம், ஆவணம், நிரலாக்கம் என்று இன்னும் பல ஆண்டு ஓட்ட முடியும். பள்ளி பயன்படுத்தும் குறிப்பிட்ட மென்பொருள் அதில் ஓடுமா என்பதை ஒரு கணினியில் சோதித்துவிட்டு மற்றவற்றில் இறங்குவது நல்லது. தன் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மடிக்கணினிகளுக்கு 10 ஆண்டுப் புதுப்பிப்பு தருவதாக 2023-இல் கூகுள் அறிவித்தது. அந்தப் பத்தாண்டு, மாடல் அமைந்திருக்கும் அடிப்படை வன்பொருள் தளம் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலுக்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

## மறுசுழற்சி எதை மீட்கும், எதை மீட்காது?

ஐ.நா. சார்ந்த அமைப்புகளின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்குப்பையை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு.

மறுசுழற்சி கட்டாயம் வேண்டும். ஈயம் போன்ற நச்சு மண்ணுக்கும் நீருக்கும் போகாமல் தடுப்பது அதுதான். ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். கருவியை நொறுக்கி உருக்கும்போது செம்பு, தங்கம், வெள்ளி, பல்லேடியம், அலுமினியம் ஆகியவை மீளும். மூன்று மாதம் பாடுபட்டுச் செதுக்கிய சில்லின் நுண்வடிவம் உலையில் போய்விடும். அதற்கு ஆன மின்சாரம் திரும்பாது. மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டோம் என்பதால் 200 கிலோ கணக்கு அழிவதில்லை. அதனால்தான் முதலில் பழுதுபார்ப்பது, பிறகு வேறொருவருக்குக் கொடுப்பது, பிறகு உதிரிபாகமாகப் பிரிப்பது, கடைசியில் மறுசுழற்சி என்று வரிசை வைக்கிறார்கள்.

## கற்றல் எங்கே வருகிறது?

உமிழ்வை எதால் வகுக்கிறோம் என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர். ஆண்டால் வகுத்தோம். பள்ளியில் உண்மையாக வகுக்க வேண்டியது, எத்தனை மாணவர்கள் எதைக் கற்றார்கள் என்பதால்.

அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தை நிறுவியவர்களில் ஒருவரான நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் அறிவித்த "ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி" திட்டத்தின் எக்ஸ்ஓ-1 கருவி, வடிவமைப்பில் இன்றும் பாடமாக நிற்கிறது. விசிறி கிடையாது, சுழலும் வட்டு கிடையாது, வெயிலிலும் படிக்கக்கூடிய திரை, மிகக் குறைந்த மின்சாரம். சாதாரண திருப்புளியால் திறக்கலாம். ஸ்க்ரூ தொலைந்தால் எடுத்துக்கொள்ள உதிரி ஸ்க்ரூக்களைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதே கருவி தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் கிராமப்புறப் பள்ளிகளில் கொடுக்கப்பட்டபோது, 319 தொடக்கப்பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பொதுவான சிந்தனைத் திறனில் சில முன்னேற்றம் தெரிந்தது. கணக்கு, மொழித் தேர்வுகளில் முன்னேற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. கருவி போய்ச் சேர்ந்தது; எந்தப் பாடத்தில், எந்த வேலைக்கு, ஆசிரியர் அதை எப்படிக் கையாள்வது என்பது அதே அளவு கவனத்தோடு வடிவமைக்கப்படவில்லை.

எனவே கடைக்குப் போகும் முன் பாடவேளை அட்டவணையைக் கையில் எடுங்கள். கருவி இல்லாமல் நடத்தவே முடியாத பாடங்கள் எவை என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து குறியுங்கள். ஒரு வகுப்புக்கு வாரத்தில் 4 பாடவேளை தேவைப்படுகிறது, வாரத்தில் மொத்தம் 32 பாடவேளை என்றால், 30 கருவிகள் உள்ள ஒரு தள்ளுவண்டி 8 வகுப்புகளைச் சுற்றிவர முடியும். சார்ஜ் ஏற்றவும் பழுது பார்க்கவும் 8 பாடவேளையை ஒதுக்கி 6 வகுப்பு என்று வையுங்கள். ஒரு மாணவரின் பங்குக்கு வரும் உள்ளுறை உமிழ்வு 200 கிலோவிலிருந்து 33 கிலோவாக இறங்குகிறது. எல்லோருக்கும் தனித்தனியே வாங்க வைத்திருந்த பணத்தில் மிஞ்சுவதை உதிரி பேட்டரிக்கும், சார்ஜ் துளைப் பலகைக்கும், ஆசிரியர் பயிற்சிக்கும் திருப்பலாம். வண்டியோடு ஒரு குறிப்பேட்டைக் கட்டிவிடுங்கள்: கருவி எண், பழுது, தேதி, மாற்றிய பாகம். அடுத்த முறை எந்த மாடலை வாங்கக்கூடாது என்பதை அந்தக் குறிப்பேடு மூன்றாம் ஆண்டிலேயே சொல்லிவிடும்.